சத்து ஊசி போடும் ‘ரெக்கவரி சென்டர்’களுக்குப் பிள்ளைகளை அனுப்பும் முன் இதைப் படியுங்கள்

ஓட்டம், கபடி, கிரிக்கெட் என்று ஏதோ ஒரு விளையாட்டில் பிள்ளைகளை விட்டிருக்கும் பெற்றோருக்காக இதை எழுதுகிறேன். கோவையில் எங்களுக்கு நடந்தது. சென்டரின் பெயரைப் போடவில்லை. புகார் விசாரணையில் இருக்கிறது, வக்கீல் இப்போதைக்கு வேண்டாம் என்றார். பெயர் தெரிந்தாலும் பெரிய பயன் இல்லை, இந்தத் தொழிலில் அவர்கள் மட்டுமா இருக்கிறார்கள்?

என் மகள் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு. 800 மீட்டர் ஓடுகிறாள். 2 நிமிடம் 18 நொடியில் முடித்துக்கொண்டிருந்தவள், போன வருடம் மழைக்காலத்துக்கு அப்புறம் 2:24, 2:25 என்று பின்னால் போனாள். கால் கனக்கிறது, காலையில் எழுந்திருக்கவே முடியவில்லை என்றாள். உடன் ஓடும் பெண் ஒருத்தி இந்த சென்டரைச் சொன்னாள். பெரிய கண்ணாடிக் கதவு, உள்ளே ஏசி, சாய்ந்து படுக்க லெதர் நாற்காலிகள், சுவரில் ஒலிம்பிக் வீரர்கள் படம். காலுக்குக் காற்று நிரப்பும் பூட்ஸ், ஐஸ் தொட்டி, சிவப்பு லைட் எல்லாம் உண்டு. ஆனால் அவர்களுக்கு உண்மையான வருமானம் ஊசியிலும் டிரிப்ஸிலும்தான்.

கவுன்சிலர் என்று ஒரு பெண் உட்கார்ந்து பேசினாள். “இல்லீங்க அங்கிள், சாப்பாட்டுல இருந்து சத்து முழுசா ஏறாது. நேரா ரத்தத்துல குடுத்தா நூறு சதவீதம் போகும். பெரிய பிளேயர்ஸ் எல்லாம் இப்படித்தான் ரெக்கவர் ஆகறாங்க” என்றாள். பேக்கேஜ் 42,000 ரூபாய், ஜிஎஸ்டி தனி. அன்றைக்கே கட்டினால் தள்ளுபடி. அவர்களே ரத்தம் எடுத்து வைட்டமின் டி மட்டும் பார்த்தார்கள். 17 வந்தது. கம்மிதான், இல்லை என்று சொல்லவில்லை. நம் ஊரில் பாதிப் பேருக்கு மேல் அப்படித்தான் வரும் என்று பிறகு ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். பிள்ளைக்கு மாதவிடாய் ஒழுங்காக வருகிறதா, என்ன சாப்பிடுகிறாள், எத்தனை மணிக்குத் தூங்குகிறாள் என்று அங்கே ஒருவரும் கேட்கவில்லை. டாக்டர் போனில் வீடியோவில் வந்தார், இரண்டு நிமிடம் பேசினார், போய்விட்டார்.

டிரிப்ஸ் ஏற்றும்போது பக்கத்தில் நான்தான் உட்கார்ந்திருந்தேன். அரை லிட்டர் பை, உள்ளே பளிச்சென்ற மஞ்சள் தண்ணீர். ஏறத் தொடங்கிய கொஞ்ச நேரத்தில் மகள், “அப்பா, உடம்பெல்லாம் சூடாகுது. வாயில மாத்திரை கசப்பு தெரியுது” என்றாள். நர்ஸ் சிரித்துக்கொண்டே, “மருந்து வேலை செய்யுதுங்க சார், அதான்” என்றார். வீட்டுக்கு வந்ததும் சிறுநீர் மஞ்சள் பெயின்ட் மாதிரி போனதாம். கேட்டதற்கு, உடம்பிலிருக்கும் டாக்ஸின் வெளியேறுகிறது என்று வாட்ஸாப்பில் பதில் வந்தது, கூடவே ஒரு கைதட்டல் பொம்மை.

இந்த மூன்றுக்கும் காரணம் என்ன என்று பிறகு ஒரு மருத்துவரே உட்கார்ந்து விளக்கினார். சூடு வந்தது டிரிப்ஸில் கலந்திருந்த மெக்னீசியத்தால். அது ரத்தக் குழாய்களை விரித்துவிடும், வேகமாக ஏற்றினால் பிரஷர் இறங்கி மயக்கமே வரலாம். வாயில் வந்த கசப்பு பி காம்ப்ளக்ஸுடையது. சிறுநீரின் மஞ்சள் வைட்டமின் பி2, அதாவது ரிபோஃப்ளேவின். உடம்பு தனக்கு வேண்டாம் என்று வெளியே தள்ளிய வைட்டமின் அது. டாக்ஸினும் இல்லை, ஒன்றும் இல்லை. நாம் பணம் கொடுத்து ஏற்றியது அப்படியே கழிவறைக்குப் போனதைத்தான் அவர்கள் வெற்றி என்று காட்டியிருக்கிறார்கள். கையில் இந்தச் சூடும் கண்ணில் அந்த மஞ்சளும் இல்லாவிட்டால் இந்த வியாபாரம் நடக்குமா என்று எனக்குச் சந்தேகம்.

‘நூறு சதவீதம் ரத்தத்தில்’ என்பது பொய் இல்லை. ஆனால் ரத்தத்தில் ஏறியது உடம்பில் நிற்க வேண்டுமே. வைட்டமின் சி 200 மில்லிகிராம் அளவுக்கு வாய்வழி சாப்பிட்டாலே குடல் கிட்டத்தட்ட முழுவதையும் உறிஞ்சிவிடும். கிராம் கணக்கில் நரம்பில் ஏற்றினால் மிச்சத்தைச் சிறுநீரகம்தான் சுமக்க வேண்டும். அதிக அளவு சி ஏற்றும் முன் ஜி6பிடி என்ற பரிசோதனை செய்ய வேண்டுமாம். அந்தக் குறைபாடு உள்ளவர்களுக்கு ரத்த சிவப்பணுக்கள் உடைந்துபோகும். எங்களுக்குச் செய்யவில்லை. பிள்ளைக்கு அந்தக் குறைபாடு இல்லை, தப்பித்தாள்.

சரி, சியும் பியும் தண்ணீரோடு போய்விட்டன. டி போகவில்லை.

குறைவாக இருக்கிறது என்று சொல்லி வைட்டமின் டி ஊசி இடுப்பில் போட்டார்கள். ஒரு ஊசியில் 6 லட்சம் யூனிட். வாரா வாரம் போட்டார்கள். வீட்டில் பாலில் கலந்து குடிக்க 60,000 யூனிட் பாக்கெட்டும் கொடுத்து, தினமும் ஒன்று என்றார்கள். சாதாரணமாக டாக்டர்கள் அந்தப் பாக்கெட்டை வாரத்துக்கு ஒன்றுதான் எழுதுவார்கள். ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்குத் தேவை 600 யூனிட் என்று ஐசிஎம்ஆர் சொல்கிறது. கணக்குப் போட்டுப் பாருங்கள், ஒரே ஊசியில் ஆயிரம் நாள் தேவை. டி கொழுப்பில் கரையும் வைட்டமின், சிறுநீரில் போகாது, உடம்புக் கொழுப்பில் தங்கிவிடும். ஊசியாகப் போட்டால் வாரக்கணக்கில் மெல்ல மெல்லக் கசிந்து ரத்தத்தில் ஏறிக்கொண்டே இருக்கும்.

பிள்ளைக்கு முதலில் தாகம். ராத்திரியில் எழுந்து எழுந்து தண்ணீர் குடிப்பாள், உடனே பாத்ரூம் போவாள். அப்புறம் மலச்சிக்கல், குமட்டல். ஒரு நாள் டிராக்கில் இரண்டு ரவுண்டு போவதற்குள் உட்கார்ந்து வாந்தி எடுத்தாள். சென்டருக்கு போன் செய்தால் அதே கவுன்சிலர். “டீடாக்ஸ் ஆகறப்ப அப்படித்தான் அங்கிள் இருக்கும். இன்னொரு ஹைட்ரேஷன் டிரிப்ஸ் போட்டுடலாம், வாங்க.” சோர்வுக்கு மருந்து என்று போனோம், மருந்தால் வந்த சோர்வுக்கும் அதே மருந்தையே விற்கப் பார்த்தார்கள்.

மனைவி, இனி அங்கே போக வேண்டாம் என்று பிடிவாதமாக நின்று, எங்கள் பழைய குடும்ப டாக்டரிடம் கூட்டிப்போனாள். வயதான அம்மா அவர். ஸ்டெதஸ்கோப்பைக்கூட எடுக்கவில்லை, முதலில் கேட்ட கேள்வியே, “கண்ணு, யாராவது டி ஊசி போட்டாங்களா?” ரத்தத்தில் கால்சியம் பார்க்கச் சொன்னார். 10.5-ஐத் தாண்டக் கூடாத கால்சியம் 13.1. வைட்டமின் டி 150-க்கு மேல் என்று மட்டும் ரிப்போர்ட்டில் இருந்தது, லேபில் அதற்கு மேல் அளக்க முடியவில்லை. சிறுநீரகம் சரியாக வேலை செய்கிறதா என்று காட்டும் கிரியாட்டினினும் கூடுதல், 1.4. அன்று மாலையே அட்மிட்.

டி அதிகமானால் குடல் சாப்பாட்டிலிருக்கும் கால்சியத்தை அளவில்லாமல் இழுக்கும். கால்சியம் ஏறினால் சிறுநீரகத்தால் தண்ணீரைப் பிடித்துவைக்க முடியாது. அதுதான் தாகமும் ராத்திரியில் பாத்ரூமுக்கு ஓடியதும். குடல் மந்தமாகும், தசை பலவீனமாகும், இன்னும் ஏறினால் குழப்பம், இதயத் துடிப்பில் கோளாறு வரை போகும். ஆஸ்பத்திரியில் சலைன் ஏற்றினார்கள் (டிரிப்ஸ் உண்மையிலேயே தேவைப்பட்ட இடம் அதுதான்), ஸ்டீராய்டு மாத்திரை கொஞ்ச நாள் கொடுத்தார்கள், பால், தயிர், ராகிக் களி எல்லாவற்றையும் நிறுத்தச் சொன்னார்கள். கால்சியம் இறங்கிவிட்டது. டி இன்னும் முழுக்க இறங்கவில்லை. மாதக்கணக்கு ஆகும் என்கிறார்கள். அதுவரை ரத்தப் பரிசோதனை தொடரும்.

முதலில் வந்த சோர்வுக்குக் காரணமும் அங்கேதான் தெரிந்தது. ஃபெரிட்டின் 8. உடம்பில் இரும்புச் சத்து எவ்வளவு சேமிப்பில் இருக்கிறது என்று காட்டும் அளவு அது. 15-க்குக் கீழே போனால் பற்றாக்குறை. ஹீமோகுளோபின் 12-ஐ ஒட்டி இருந்ததால் யாரும் சந்தேகப்படவில்லை. மாதவிடாய் சில மாதங்களாக நின்றிருக்கிறது. எடை குறைந்தால் வேகம் கூடும் என்று யாரோ சொல்லி, ராத்திரிச் சாப்பாட்டைப் பாதியாக்கிவிட்டு, காலையில் வெறும் வயிற்றில் ஓடியிருக்கிறாள். செலவழிக்கும் சக்திக்கு ஈடாகச் சாப்பிடாவிட்டால் உடம்பு மாதவிடாயை நிறுத்தும், எலும்பைத் தேய்க்கும், ஓட்டத்தையும் குறைக்கும். சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி 2014-லேயே இதற்கு ஒரு பெயர் வைத்து எச்சரித்திருக்கிறது. 42,000 ரூபாய் பேக்கேஜில் இரும்பு ஒரு துளி கிடையாது. ‘எனர்ஜி டிரிப்ஸ்’ என்று பையில் ஸ்டிக்கர் மட்டும் ஒட்டியிருந்தது.

விளையாட்டு வீரர்களுக்கு இதில் இன்னொரு குழி இருக்கிறது. இதைக் கோச் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். உலக ஊக்கமருந்து தடுப்பு முகமையின் விதிப்படி 12 மணி நேரத்தில் 100 மில்லிக்கு மேல் நரம்பு வழியாக எதை ஏற்றினாலும் குற்றம். உள்ளே வெறும் வைட்டமின் இருந்தாலும் சரி, போட்டி இல்லாத நாளாக இருந்தாலும் சரி. ஆஸ்பத்திரிச் சிகிச்சை, அறுவை சிகிச்சை, நோய் கண்டறியும் பரிசோதனை இவற்றுக்கு மட்டும் விலக்கு. இப்படி ஏற்றினால் ரத்தம் நீர்த்துப்போய், வேறு மருந்து எடுத்திருந்தாலும் மறைக்க முடியும் என்பது காரணம். நம் நாட்டின் ஊக்கமருந்து தடுப்பு முகமையான நாடாவும் இதே விதியைத்தான் பின்பற்றுகிறது.

12 ஒலிம்பிக் பதக்கம் வாங்கிய அமெரிக்க நீச்சல் வீரர் ரயன் லாக்டி 2018-ல் டிரிப்ஸ் ஏற்றிக்கொள்ளும் படத்தைத் தானே இன்ஸ்டாகிராமில் போட்டு, 14 மாதம் தடை வாங்கினார். ஏற்றியதில் தடை செய்த பொருள் எதுவும் இல்லை, அளவுதான் கூடிப்போயிருந்தது. பிரெஞ்சு கால்பந்து வீரர் சமீர் நஸ்ரி கதையும் இதுதான், அரை லிட்டர் டிரிப்ஸ், கடைசியில் 18 மாதத் தடை. சுவரில் ஒலிம்பிக் படம் மாட்டத் தெரிந்தவர்களுக்கு இது தெரியாதா? கேட்டேன். “வைட்டமின் தானே சார், ஊக்கமருந்தா குடுத்தோம்?” என்றார் மேனேஜர்.

ஒரு நியாயத்துக்காகச் சொல்கிறேன், காற்று பூட்ஸும் மசாஜும் மகளுக்குப் பிடித்திருந்தன. அதனால் கெடுதல் ஒன்றும் இல்லை. ஐஸ் தொட்டி கூட வலிக்கு இதம்தான். ஆனால் எடை தூக்கும் பயிற்சி முடிந்ததும் தவறாமல் ஐஸில் உட்கார்ந்தால் தசை வளர்வது குறைகிறது என்று 2015-ல் ஆஸ்திரேலியாவில் ஒரு ஆய்வு வந்திருக்கிறது. அதேபோல் சி, இ வைட்டமின்களை அதிக அளவில் விழுங்கினால் பயிற்சியால் உடம்புக்குக் கிடைக்க வேண்டிய பலனே குறைகிறது என்று 2009-ல் ஜெர்மனியிலும் 2014-ல் நார்வேயிலும் கண்டிருக்கிறார்கள். கவுன்சிலரிடம் இதையெல்லாம் எதிர்பார்க்க முடியாது. டாக்டருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

பணம் திரும்பக் கேட்டபோது கையெழுத்துப் போட்ட படிவத்தைக் காட்டினார்கள். முழுக்க ஆங்கிலம், எந்த மருந்து எத்தனை யூனிட் என்று ஒரு வரி இல்லை. பில்லில் ‘வெல்னஸ் பேக்கேஜ்’ என்று மட்டும். மருந்தின் பேட்ச் நம்பர் இல்லை, டாக்டரின் பதிவு எண் இல்லை. சிகிச்சைப் பதிவேட்டை நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும், ரசீதிலும் மருந்துச் சீட்டிலும் பதிவு எண் இருக்க வேண்டும் என்று மருத்துவக் கவுன்சிலின் 2002 விதிமுறையில் இருக்கிறது. அதைக் குறிப்பிட்டு எழுத்தில் கேட்டேன். ஹைட்ரேட், க்ளோ, எனர்ஜி என்று கலர் கலராக ஒரு விளம்பரத் தாளை அனுப்பிவைத்தார்கள். ஊசி எத்தனை யூனிட் என்று எங்களுக்குத் தெரிந்ததே, காலி ஆம்பூல் பெட்டி ஒன்றை மகள் தோழிகளுக்குக் காட்ட போனில் படம் எடுத்து வைத்திருந்ததால்தான்.

இப்போது மாவட்ட மருத்துவம் மற்றும் ஊரக நலப் பணிகள் இணை இயக்குநர் அலுவலகத்தில் புகார் கொடுத்திருக்கிறோம். தமிழ்நாட்டில் ஊசி போடும் எந்த கிளினிக்கும் மருத்துவ நிறுவனங்கள் சட்டப்படி அங்கே பதிவு செய்திருக்க வேண்டும். மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலும் மனு போட்டாயிற்று. 5 லட்சம் வரை கட்டணம் இல்லை, ஆன்லைனிலேயே போடலாம், இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். எப்படித் தொடங்குவது என்று தெரியாவிட்டால் நுகர்வோர் உதவி எண்ணான 1915-க்கு போன் செய்தால் வழி சொல்கிறார்கள்.

மகள் இப்போது மெதுவாக ஓடத் தொடங்கியிருக்கிறாள். இரும்பு மாத்திரை, வயிறு நிறையச் சோறு, பகலில் ஒரு தூக்கம், வாரத்தில் ஒரு நாள் முழு ஓய்வு. போன மாதம் யூனிவர்சிட்டி மீட் தேர்வுக்கு அவள் போக முடியவில்லை.

இந்த மாதிரி இடங்களில் உங்கள் வீட்டில் யாராவது டி ஊசி போட்டிருந்து, தாகம், அடிக்கடி சிறுநீர், மலச்சிக்கல், வாந்தி என்று ஏதாவது இருந்தால் காத்திருக்க வேண்டாம். கால்சியம், கிரியாட்டினின், வைட்டமின் டி மூன்றையும் உடனே பாருங்கள். போட்ட மருந்தின் பெட்டியோ படமோ இருந்தால் டாக்டரிடம் கொண்டுபோங்கள், எத்தனை ஊசி, எந்தத் தேதி என்று எழுதிக்கொண்டு போங்கள். கோவையில் இதே மாதிரி பாதிக்கப்பட்டவர்கள் இருந்தால் எனக்குத் தனியாகச் செய்தி அனுப்பலாம். புகாரோடு பில்லும் ரிப்போர்ட்டும் சேர்த்துக் கொடுக்க வக்கீல் கேட்டிருக்கிறார்.