மாணவர் பரிமாற்றம்: போவோருக்கு மட்டும் பணமா, வருவோருக்குமா?

ஐரோப்பிய ஒன்றியத்தின் மாணவர் பரிமாற்றத் திட்டமான எராஸ்மஸுக்கு (இப்போது எராஸ்மஸ் பிளஸ்) வெளியே நின்ற இரு நாடுகள், தங்கள் மாணவர் பரிமாற்றத்திற்கு வெவ்வேறு விதமாகப் பணம் ஒதுக்கின. 2014இல் அத்திட்டத்தில் இடமிழந்த சுவிட்சர்லாந்து, ஐரோப்பாவுக்குப் போகும் தன் மாணவர்களுக்கு மட்டுமன்றி, அங்கிருந்து தன்னிடம் வருவோருக்கும் தானே உதவித்தொகை தந்தது; செலவு கூடினாலும், கூட்டாளிப் பல்கலைக்கழகங்களுடனான உறவு அறுந்துபோகவில்லை.

பிரிட்டன் 2021இல் தொடங்கிய டியூரிங் திட்டமோ, முதல் ஆண்டுக்கு 11 கோடி பவுண்டு ஒதுக்கி, உலகின் எத்திசைக்கும் தன் மாணவர்களை அனுப்ப வழி திறந்தது. ஆனால், வருவோருக்கு அதில் ஒரு காசும் இல்லை.

கோலாலம்பூரிலிருந்து பார்க்கும்போது இது வெறும் கணக்கு வேறுபாடு அன்று. பிரிட்டிஷ் மாணவர் அத்தொகையோடு மலாயாப் பல்கலைக்கழகத்தில் ஒரு பருவம் படிக்கலாம். பதிலுக்கு பிரிட்டன் செல்ல விரும்பும் நம் தோட்டப்புறத்து மாணவிக்கு, கல்விக் கட்டணம் விலக்கப்பட்டாலும், விமானச் செலவையும் அறை வாடகையையும் பெரும்பாலும் குடும்பமே ரிங்கிட் ரிங்கிட்டாகச் சேர்த்தாக வேண்டும். எராஸ்மஸ் பிளஸ் திட்டமோ மலேசியா போன்ற வெளிநாடுகளின் மாணவர்களுக்கும் இடம் தருகிறது.

சுவிஸ் ஏற்பாடு பெரும்பாலும் ஐரோப்பாவுக்குள் அடங்குவதால் நமக்கு நேரடிப் பயன் குறைவுதான். ஆயினும், வருவோரையும் தன் பொறுப்பாக ஏற்ற அதன் முறையையே நான் நியாயமானதாகக் கருதுகிறேன். பிரிட்டனும் 2027இல் எராஸ்மஸில் மீண்டும் சேர ஒப்புக்கொண்டிருக்கிறது.