காத்தலான் பேசும் பிள்ளைக்கு ஆங்கிலம்: ஸ்பானிஷ் வழியா, ஆங்கில வழியா, தாய்மொழி வழியா?

பார்சிலோனாவில் பள்ளிக்கூடம் போகும் ஒரு பெண்ணுக்கு ஆங்கில இலக்கணத்தில் ஒரு சந்தேகம் வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். யூடியூபில் தேடினால் வந்து நிற்கும் விளக்கமெல்லாம் ஸ்பானிஷில். வகுப்பில் கொடுத்த புத்தகமோ அட்டை முதல் அட்டை வரை ஆங்கிலம். ஆனால் அவள் வீட்டில் சண்டை போடுவதும், கணக்குப் போடும்போது மனசுக்குள் எண்ணுவதும் அந்தப் பகுதியின் சொந்த மொழியான காத்தலானில். மூன்றில் எதைப் பிடித்துக்கொண்டு ஆங்கிலம் படிப்பது?

நான் இங்கே பார்சிலோனாவின் சாந்த் அந்த்ரேவ் பகுதியில் சாயங்காலங்களில் நாலைந்து பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறேன். மூன்று வழிகளையும் மாற்றி மாற்றி முயன்று பார்த்திருக்கிறேன். காத்தலானும் ஸ்பானிஷும் அக்கா தங்கை மொழிகள், அதனால் ஸ்பானிஷ்காரர்களுக்கு எழுதிய பாடமே போதும் என்று பெற்றோர் பலர் சொல்கிறார்கள். முக்கால்வாசி சரிதான். மிச்சமுள்ள கால்வாசியில்தான் இந்தப் பிள்ளைகள் மார்க்கை விடுகிறார்கள்.

காத்தலோனியா, வலேன்சியா, பலேரிக் தீவுகள், அண்டோரா, பிரான்சில் பெர்பின்யானைச் சுற்றிய ஊர்கள், சார்தீனியாத் தீவில் அல்கேரோ என்று காத்தலான் பேசும் இடங்கள் சிதறிக் கிடக்கின்றன. ஸ்பெயினின் சர்வாதிகாரி ஃபிராங்கோ காலத்தில், அதாவது 1939 முதல் 1975 வரை, பள்ளிப் பாடமொழியாக இருக்க அதற்கு இடமே இல்லை. 1983-இல் வந்த மொழிச் சட்டத்துக்குப் பிறகுதான் காத்தலோனியாவின் வகுப்பறைகளில் அது நிலைபெற்றது. அதனால் காத்தலானிலிருந்து நேராக ஆங்கிலத்துக்குப் போக உதவும் புத்தகங்களின் அலமாரி இன்னும் சின்னதாகவே இருக்கிறது. இந்தக் குறையை மனதில் வைத்துக்கொண்டு பார்க்கலாம்.

போகிறேன் என்றால் போனேன்

இலக்கணத்தில் தொடங்குகிறேன், ஏனென்றால் மூன்று வழிகளும் அதிகம் பிரிவது இங்கேதான்.

காத்தலானில் ‘பாடினேன்’ என்பதற்கு ‘பாச் கந்தா’ என்பார்கள். ‘பாச்’ என்றால் போகிறேன், ‘கந்தா’ என்றால் பாட. சொல்லுக்குச் சொல் பார்த்தால் ‘போகிறேன் பாட’, ஆனால் பொருள் இறந்தகாலம். ஸ்பானிஷில் ‘போய் அ கந்தார்’ என்றால் ‘பாடப் போகிறேன்’, எதிர்காலம். (அந்த ஸ்பானிஷ் ‘போய்’ காதுக்கு நம்முடைய ‘போய்’ மாதிரியே இருக்கும், பொருளும் போவதுதான். தற்செயல்தான், இருந்தாலும் கேட்கும்போதெல்லாம் எனக்குச் சந்தோஷம்.) ஆங்கிலத்தின் ‘கோயிங் டு’, தமிழின் ‘பாடப் போகிறேன்’ இரண்டும் ஸ்பானிஷின் பக்கம். போவதை வைத்து நேற்று நடந்ததைச் சொல்கிற காத்தலான் இந்தக் கூட்டத்தில் தனியாக நிற்கிறது.

ஸ்பானிஷ் வழிப் பாடம் இதை ஒரே நிமிஷத்தில் முடித்துவிடுகிறது: ‘போய் அ’ என்றால் ‘கோயிங் டு’, அடுத்த பாடத்துக்குப் போகலாம். காத்தலான் பிள்ளைக்கும் ஸ்பானிஷ் தெரியும் என்பதால் தலையாட்டிவிடும். ஆனால் தேர்வில் அவசரமாக எழுதும்போது கை தாய்மொழியைத்தான் கேட்கிறது. வீக் ஊர்க் குடும்பத்திலிருந்து வரும் ஒரு மாணவி, போன கோடை விடுமுறையைப் பற்றிய கட்டுரையில் ‘ஐ கோ டு விசிட் மை கிராண்ட்மதர்’ என்று மூன்று இடத்தில் எழுதியிருந்தாள். பள்ளியில் சிவப்பு மையில் காலம் தப்பு என்று வட்டம் போட்டிருந்தார்கள். ஏன் தப்பு வந்தது என்று யாரும் சொல்லவில்லை. பக்கத்தில் ‘பாச் விசிதா’ என்று நான் எழுதிக் காட்டியதும் அவளே சிரித்துவிட்டாள். இரண்டு மூன்று வாரத்தில் அந்தப் பிழை நின்றது.

முழு ஆங்கிலப் புத்தகம் இந்த இடத்தில் பொய் சொல்வதில்லை. முடிந்துபோன செயலுக்கு இறந்தகாலம் என்று சரியாகவே சொல்கிறது. இந்தப் பெண்ணின் கை ஏன் ‘கோ’ என்று எழுதியது என்பதுதான் அதற்குத் தெரியாது.

அடுத்தது ‘ஹாவ்’ போட்டு வரும் காலம். காத்தலானில் ‘எ பிஸ்த்’ என்று ஒன்று உண்டு, கட்டமைப்பு அப்படியே ‘ஐ ஹாவ் ஸீன்’. பயன்பாடுதான் வேறு. இன்று நடந்ததென்றால் ‘எ பிஸ்த்’, நேற்றோ அதற்கு முன்னாலோ என்றால் ‘பாச்’ போட்ட வடிவம். நேற்றிரவுத் தூக்கம்தான் எல்லைக்கோடு என்று பிள்ளைகளிடம் சொல்வேன். ஆங்கிலம் தூக்கத்தைக் கணக்கில் எடுப்பதில்லை. சொல்லும் பொழுது முடிந்துவிட்டதா இல்லையா என்றுதான் பார்க்கிறது. சாயங்காலம் ஆறு மணிக்கு ‘இன்று காலை பார்த்தேன்’ என்று சொல்ல வேண்டுமானால் காலை முடிந்துவிட்டது, ஆகவே ‘ஐ ஸா’. இந்தப் பிள்ளைகள் எல்லோரும் அங்கே ‘ஐ ஹாவ் ஸீன்’ என்பார்கள்.

ஸ்பெயினில் பேசும் ஸ்பானிஷிலும் கிட்டத்தட்ட இதே வழக்கம்தான், அதனால் இங்கே அச்சடிக்கும் ஸ்பானிஷ் வழிப் புத்தகம் உதவும். ஆனால் பிள்ளைகள் பார்க்கும் வீடியோக்களில் நிறைய மெக்சிகோ, அர்ஜென்டினா ஆசிரியர்களுடையவை. அங்கே இன்று காலை நடந்ததையும் சாதாரண இறந்தகாலத்தில்தான் பெரும்பாலும் சொல்கிறார்கள். ஆக, பார்சிலோனாப் பிள்ளைக்கு வரும் பிழை அந்த ஆசிரியரின் மாணவர்களுக்கு வராது, அவரும் அதைப் பற்றிப் பேசமாட்டார். ஸ்பானிஷ் வழி என்று பொதுவாகச் சொன்னாலும் அது எந்த ஊர் ஸ்பானிஷ் என்று பார்க்க வேண்டியிருக்கிறது.

இடத்தைச் சொல்லும் சின்னச் சொற்களிலும் இப்படி ஒரு சிக்கல். ஸ்பானிஷில் மாட்ரிடில் இருப்பதற்கு ‘என்’, மாட்ரிடுக்குப் போவதற்கு ‘அ’. காத்தலானில் பார்சிலோனாவில் இருந்தாலும் ‘அ’, அங்கே போனாலும் ‘அ’. மூன்று மணிக்கு, மே மாதத்தில், வீட்டில், தெருவில், எல்லாவற்றுக்கும் அதே ‘அ’. ஆங்கிலம் இதை ‘இன்’, ‘அட்’, ‘டு’ என்று உடைக்கிறது. ஸ்பானிஷ் வழிப் பாடம் ‘என்’னை மூன்றாகப் பிரிப்பது எப்படி என்று பக்கம் பக்கமாகச் சொல்லும். காத்தலான் பிள்ளை பிரிக்க வேண்டியது ‘அ’வை. கேள்வியே வேறு.

மற்றபடி ‘இட்’ போடாமல் ‘இஸ் டிஃபிகல்ட்’ என்று தொடங்குவது, 15 வயது என்பதற்கு ‘ஐ ஹாவ் 15 இயர்ஸ்’ என்பது, இவையெல்லாம் இரண்டு மொழிக்காரர்களுக்கும் பொது. எந்த வழியில் படித்தாலும் திருத்திக்கொள்ளலாம்.

ஊர்ப் பெயரிலேயே இருக்கும் ஒலி

உச்சரிப்பில் ஸ்பானிஷ் வழியை நான் ஒதுக்கியே விட்டேன். காரணம் சொல்கிறேன்.

ஆங்கிலத்தில் அழுத்தம் விழாத உயிர் தேய்ந்துபோகும். ‘அபவுட்’டின் தொடக்கம், ‘டீச்சர்’ என்பதன் முடிவு, ‘பனானா’வின் முதலும் கடைசியும். நம் குற்றியலுகரம் போல வாய் பாதி திறந்து பாதியில் விட்டுவிடுகிற ஒலி. ஸ்பானிஷில் ஐந்தே உயிரொலிகள், இது அதில் இல்லை. அதனால் ஸ்பானிஷ்காரர்களுக்கான பாடம் இதை ஏதோ புதிய விலங்கு மாதிரி அறிமுகப்படுத்தும். பார்சிலோனாவிலும் ஜிரோனாவிலும் பேசும் காத்தலானில் எட்டு உயிரொலிகள், தேய்ந்த ஒலியும் அதில் ஒன்று. பார்சிலோனாக்காரர்கள் தங்கள் ஊர்ப் பெயரைச் சொல்லும்போது ‘லோ’வைத் தவிர மற்ற மூன்று உயிரும் தேய்ந்துதான் வருகின்றன. “பார்சலோனா என்று சொல்லு, இப்போது அதே வாயோடு பனானா சொல்லு” என்றால் ஐந்து நிமிஷத்தில் பாடம் முடிந்தது. ஸ்பானிஷ் வழியில் படித்த பிள்ளை, தன்னிடம் இருக்கும் ஒலியை இல்லையென்று நம்பிக்கொண்டு ‘பா-நா-நா’ என்கிறது. இதைக் கேட்டால் எனக்கு உண்மையாகவே வருத்தமாக இருக்கும்.

‘ஷ’, ‘ஸ்’ஸின் அதிரும் வடிவம் (ஆங்கில z) இரண்டும் அப்படியே. பெட்டி என்பதற்கான காத்தலான் சொல்லில் முதலாவது இருக்கிறது, வீடு என்பதற்கான சொல்லில் இரண்டாவது இருக்கிறது. ஸ்பானிஷ்காரர்கள் மாதக்கணக்கில் பழகும் இவற்றை இவர்கள் பழகவே வேண்டாம். இவர்கள் பழக வேண்டியது வேறு: காத்தலானில் சொல்லின் கடைசியில் வரும் ‘ட’கரம், ‘க’கரம் அதிர்வை இழந்துவிடும். குளிர் என்பதற்கான சொல்லை d-யில் எழுதிவிட்டு t-யில் முடிப்பார்கள். அதனால் ‘பேட்’ என்ற கெட்டதும் ‘பேட்’ என்ற வௌவாலும் ஒன்றாகிவிடுகின்றன, ‘பேக்’ என்ற பையும் ‘பேக்’ என்ற முதுகும் ஒன்றாகிவிடுகின்றன. தமிழ் எழுத்தில் நான் எழுதும்போதும் அந்த வித்தியாசம் தெரியவில்லை பாருங்கள், அவர்கள் காதிலும் அப்படித்தான்.

ஒரு எச்சரிக்கை. லெய்தாவிலும் வலேன்சியாவிலும் பேசும் காத்தலானில் ஏழு உயிர்கள்தான், தேய்ந்த ஒலி அந்தக் கணக்கில் இல்லை. லெய்தாவிலிருந்து வந்த ஒரு பையனிடம் பனானா வித்தையைச் சொல்லிப் பார்த்தேன், பலிக்கவில்லை. அவனுக்குப் பொறுமையாகக் கேட்டுத்தான் பழக்க வேண்டியிருந்தது. அப்புறம், இங்கே தொலைக்காட்சியில் வெளிநாட்டுத் தொடர்களைப் பெரும்பாலும் மொழிமாற்றித்தான் போடுகிறார்கள், குரல் மாற்றாத ஆங்கிலம் காதில் விழுவதே குறைவு. அவனை ஒலியை ஆங்கிலத்துக்கு மாற்றிவைத்துத் தொடர் பார்க்கச் சொன்னேன்.

சொல்வளம்

சொற்களில் கணக்கு மாறுகிறது. இங்கே முழு ஆங்கில வழிக்கே என் ஓட்டு.

தொடக்கத்தில் மட்டும் காத்தலான் பெரிய சீதனம் கொடுக்கிறது. ஸ்பானிஷ் ‘ரெஸ்தௌராந்தே’, ‘இம்போர்தாந்தே’, ‘அக்சிதெந்தே’ என்று கடைசியில் ஓர் உயிரை ஒட்டிவைக்கும். காத்தலான் அதை வெட்டிவிடும். ரெஸ்டாரன்ட், இம்பார்டன்ட், ஆக்சிடென்ட், மோமென்ட் எல்லாம் ஆங்கிலத்தில் உள்ள அதே எழுத்துகள். ‘ஃபெ ஃபோரா’ (வெளியே அனுப்பு), ‘தீரா எந்தபான்’ (முன்னால் தள்ளிக்கொண்டு போ) போல வினையோடு திசைச்சொல் சேர்க்கும் வழக்கமும் ஸ்பானிஷைவிடக் காத்தலானில் அதிகம் புழங்குகிறது. ஆங்கிலத்தின் ‘த்ரோ அவுட்’, ‘கேரி ஆன்’ எல்லாம் அவர்களுக்கு அவ்வளவு அந்நியமாகத் தெரிவதில்லை.

அதற்குமேல் தாய்மொழி கைகொடுக்காது. ‘ஃபெ’ என்ற ஒரே வினை ‘மேக்’, ‘டூ’ இரண்டுக்கும். ‘போர்தா’ என்றால் கொண்டுவா, கொண்டுபோ, சும, உடுத்திக்கொள். ‘தெஷா’ என்றால் விடு, அனுமதி, கடன் கொடு. எந்தச் சொல்லோடு எது சேரும் என்பதை ஆங்கிலத்துக்குள்ளேயே பார்த்துப் பழகினால்தான் வரும். கற்போருக்கான ஆங்கில அகராதிகள் இதற்காகவே இருக்கின்றன. லாங்மன் அகராதி ஏறத்தாழ 2000 எளிய சொற்களை வைத்தே எல்லாவற்றையும் விளக்குகிறது, நடுத்தர மாணவர்களுக்கு அது போதும்.

அந்த அகராதி சொல்லாதது போலி நண்பர்களைப் பற்றி, அதாவது பார்க்க ஒரே மாதிரி இருந்து பொருளில் வேறுபடும் சொற்களைப் பற்றி. காத்தலானில் ‘பேரன்ட்ஸ்’ என்று அதே எழுத்தில் எழுதினால் உறவினர்கள். கிறிஸ்துமஸுக்கு எங்கள் வீட்டுக்கு ‘20 பேரன்ட்ஸ்’ வந்தார்கள் என்று என்னிடமே ஒரு பிள்ளை எழுதிக் கொடுத்திருக்கிறது. ‘சென்சிபிள்’ என்றால் மென்மனசு, ‘ஆக்சுவல்மென்ட்’ என்றால் இப்போது, ‘கான்ஸ்டிபாட்’ என்றால் சளி பிடித்திருக்கிறது. இவற்றுக்கு சாஃப்ட்கதலா அமைப்பின் இலவச இணைய அகராதி நல்லது, ஸ்பானிஷைச் சுற்றாமல் நேராகக் காத்தலானுக்கு வருகிறது.

யாருக்கு எது

ஸ்பானிஷ் வழி மலிவு, எங்கும் கிடைக்கும், பயிற்சிகள் கொட்டிக் கிடக்கும். வீட்டில் காத்தலானும் ஸ்பானிஷும் சரிபாதியாகப் பேசும் பிள்ளை தயங்காமல் அதை எடுத்துக்கொள்ளலாம். அரசு மொழிப்பள்ளிகளான எஸ்கோலா ஒஃபிசியாலில் சேர்ந்தால் பாடம் ஆங்கிலத்திலேயே நடக்கும். ஓரளவு அடிப்படை வந்தவர்களுக்கு அதைவிடச் சிறந்தது இல்லை, அடிப்படையே ஆடும் பிள்ளை அங்கே ஊமையாக உட்கார்ந்திருக்கும். வீட்டில் முழுக்கக் காத்தலான் பேசும் பிள்ளைக்கு நான் சொல்வது இதுதான்: புத்தகம் ஆங்கிலத்தில் இருக்கட்டும், பிழைகளை மட்டும் காத்தலானில் எழுதிவை.

வீக் ஊர்ப் பெண் அப்படித்தான் ஒரு நோட்டு வைத்திருக்கிறாள். இடது பக்கம் அவள் எழுதிய தப்பான வாக்கியம், வலது பக்கம் அதைத் தப்பாக்கிய காத்தலான் வாக்கியம், கீழே சரியானது. ஜூனில் பல்கலைக்கழக நுழைவுத் தேர்வு. முதல் பக்கத்தில் பாட்டியைப் பார்க்கப் போன கதை இன்னும் அப்படியே இருக்கிறது, ‘கோ’வை அடித்து மேலே ‘வென்ட்’ என்று எழுதி, ஓரத்தில் பச்சை மையில் ஒரு ‘பாச்’.