ராக் பேண்டில் பாட்டு வரி: ஒருவரே எழுதுவதா, பிரித்துக்கொள்வதா?

ஒருவரே எழுதினால் நடை சிதறாது. பாடுபவரே எழுதினால் இன்னும் நல்லது: உச்சத்தில் இழுக்க வேண்டிய இடத்தில் 'ஆ', 'ஓ' என்று வாய் திறக்கும் நெடிலாகப் போடுவார், 'கேட்டு', 'பட்டு' என்று குற்றியலுகரத்தில் (குறுகி ஒலிக்கும் 'உ') முடித்துத் தானே மாட்டிக்கொள்ளமாட்டார். ஆனால் அவருக்கு செமஸ்டர் தேர்வு வந்தால் பேண்டே படுத்துவிடும். காட்பாடிப் பக்கக் கல்லூரி பேண்டுகளுக்கு இது பெரிய தலைவலி.

பிரித்தால் பாட்டுகள் சீக்கிரம் சேரும். இடிப்பது பேச்சுவழக்கு. பல்லவியில் வேலூர்க்காரரின் 'இன்னாத்துக்கு', சரணத்தில் மதுரை பேஸிஸ்டின் 'அங்கிட்டு' என்றால் பாடுவது யாரென்றே புரியாது. எனவே பாட்டுக்கு ஒருவர் என்று பிரியுங்கள். ஒரே பாட்டைப் பிரித்தே ஆகவேண்டுமா? தத்தகாரத்தை, அதாவது வார்த்தையில்லாமல் 'தன்னன்னா' என்று பாடிய மெட்டை, போனில் பதிந்து எல்லோருக்கும் அனுப்பிவிடுங்கள். பல்லவி எழுதியவரே கடைசியில் முழுதையும் திருத்தட்டும். ஒலிப்பதிவுக்கு முன்பே யாருக்கு எத்தனை சதவீதம் என்று எழுதிக் கையெழுத்து வாங்கிவிடுங்கள்; பாட்டுக்கான உரிமைத்தொகையை வசூலித்துத் தரும் ஐ.பி.ஆர்.எஸ். அமைப்பில் பாட்டைப் பதிய அது வேண்டும்.