பாளையங்கோட்டைப் பழம்பொருள் கடையில் கம்போடிய வெற்றிலைப் பெட்டிகள்

கம்போடியாவின் கெமர் மக்களுடைய கைவினைப் பொருள் சேர்ப்பவர்கள் பாளையங்கோட்டை மார்க்கெட் பக்கம் இருக்கும் இந்தச் சின்னக் கடைக்குக் கட்டாயம் ஒரு நடை போய் வரலாம். பறவை, யானை வடிவில் வெள்ளி வெற்றிலைப் பெட்டிகள். மூடியைத் திறந்தால் உள்ளே சுண்ணாம்புக் கறை, விளிம்பெல்லாம் கைபட்டுத் தேய்ந்திருக்கிறது, நம்ம ஊர் ஆச்சிமாரின் வெற்றிலைச் செல்லம் மாதிரியே. முலாம் பூசிய புதுப் பெட்டிகளைத் தனி அலமாரியில் வைத்து, "இது பழசு இல்ல அண்ணாச்சி" என்று கடைக்காரர் முதலிலேயே சொல்லிவிடுகிறார், இந்த நேர்மைக்காகவே மறுபடி போவேன். ஊடை நூலை முடிச்சிட்டுச் சாயமேற்றி நெய்த சம்போட் ஹோல் என்ற, இடுப்பில் சுற்றிக் கட்டும் பட்டும் உண்டு, ஆனால் அதன் மேல் வெயில் நேராக விழுகிறது, சாயம் என்னத்துக்கு ஆகும்! விலை கூடுதல்தான். அப்புறம், கல் சிலை எதுவும் விற்பதில்லை, ரொம்பச் சரி. கம்போடியாவின் 1996 சட்டப்படி அனுமதியில்லாமல் தொல்பொருளை வெளியே கொண்டுவரக் கூடாது.