களவுக்கு அப்புறம்: சொல்லிவிடுவதா, கிளம்பிவிடுவதா?

சங்க அகப்பாட்டில், அதாவது காதல் பாட்டில், களவு (மணத்துக்கு முன் மறைவில் வளரும் காதல்) குற்றமில்லை. சிக்கல் அதற்கு அப்புறம்தான். ஊரில் அலர் (ஊர்ப்பேச்சு) எழுந்துவிட்டது, வீட்டில் காவல் கூடிவிட்டது, பெண் கேட்டு வேற்றார் வரப்போகிறார்கள். மடலேறுவது (தலைவன் பனைமடல் குதிரையில் ஏறித் தன் காதலை ஊரறியச் செய்வது) பெரும்பாலும் மிரட்டலோடு நின்றுவிடும், அதை விடுங்கள். மிஞ்சும் வழி இரண்டு: காதலை வீட்டாரிடம் சொல்லிவிடும் அறத்தொடு நிற்றல், காதலனோடு ஊரைவிட்டுக் கிளம்பிவிடும் உடன்போக்கு. நண்பர்கள் சிலர் கூடிப் படிக்கும் அமர்வுக்கு இரண்டில் ஒன்றைத்தான் எடுக்க முடிந்தது. நான் முதலாவதை எடுத்தேன்.

கேட்பவர் மனம் உடன்போக்குப் பக்கம்தான் ஓடும். பாலை வெயில், மகளைத் தேடி நடக்கும் செவிலி (வளர்ப்புத்தாய்), எதிரே வரும் முக்கோற்பகவர் (முக்கோல் ஏந்திய துறவிகள்). மலையிலேயே பிறந்தாலும் சந்தனம் பூசிக்கொள்பவருக்குத்தானே பயன், மலைக்கு என்ன என்று கேட்டுவிட்டு, 'அறந்தலை பிரியா ஆறும் மற்றதுவே' என்கிறார்கள் கலித்தொகை 9-இல். போனவள் செய்ததும் அறமே என்று துறவிகள் வாயாலேயே வந்துவிடுகிறது.

ஆனால் என் முடிவைத் தீர்மானித்தது ஒரே விஷயம்: சாட்சி. குறுந்தொகை 25-இல் கபிலரின் தலைவி புலம்புவது இதைத்தான். அவன் பொய் சொன்னால் நான் என்ன செய்வேன்? அவன் என்னோடு கூடிய அன்று அங்கே யாருமில்லை. தினைத்தாள் போன்ற காலோடு ஓடும் நீரில் ஆரல் மீனைப் பார்த்து நின்ற ஒரு குருகுதான் இருந்தது. அதுவும் மீனைத்தான் பார்த்தது!

இது வெறும் பயமல்ல. அகநானூறு 256-இல் கள்ளூரில் ஒருவன் ஒரு பெண்ணின் நலத்தைக் கவர்ந்துவிட்டு, 'அறியேன்' என்று பொய்ச்சூள் (பொய்ச் சத்தியம்) உரைக்கிறான். அறிந்த சாட்சிகளை விசாரித்த பிறகே அவனை மரக்கிளையில் கட்டித் தலையில் நீறு கொட்டுகிறார்கள். அவையில் ஆரவாரம் எழுகிறது. சாட்சி இல்லையென்றால் அந்தப் பெண்ணின் கதி?

அறத்தொடு நிற்றல் அந்தச் சாட்சியை உண்டாக்குகிறது. தலைவி தோழியிடம், தோழி செவிலியிடம், செவிலி நற்றாயிடம் (பெற்ற தாயிடம்), நற்றாய் தந்தை தமையன்மாரிடம். கை மாற மாற, அவன் மறுக்க முடியாத செய்தியாகிவிடுகிறது. குறிஞ்சிப்பாட்டு 261 அடியும் தோழி செவிலியிடம் பேசும் பேச்சுதான். தந்தையின் காவலை மீறி 'இருவேம் ஆய்ந்த மன்றல் இது' என்று நாமே அறிவித்தால் 'பழியும் உண்டோ' என்று தலைவி கேட்டதை அவள் அப்படியே எடுத்துச் சொல்கிறாள். எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. மன்னிப்புக் கேட்கும் தொனியே அதில் இல்லை. அவன் அருவி நீரைக் குடித்துச் சூளுரைத்ததையும் தோழி சேர்த்தே சொல்லிவிடுகிறாள். குருகு செய்யாத வேலையை இவள் செய்கிறாள்.

தோழி எப்போதும் நேராகப் பேசுவதில்லை என்பதும் உண்மை. அறத்தொடு நிற்றலுக்குத் தொல்காப்பியம் தரும் ஏழு வகையில் 'உண்மை செப்பும் கிளவி' கடைசியில்தான் வருகிறது. அதற்கு முன்னால் தலைவனை எளியவனாகச் சொல்வது, புகழ்வது என்று எத்தனையோ சுற்றுவழி.

உடன்போக்கு வரும் பாலைப் பாட்டுகளில் எனக்குக் களவு வரும் குறிஞ்சி அளவுக்குத் தோய்வில்லை. என் சாய்வில் அதற்கும் பங்கிருக்கலாம். வீட்டார் ஒரேயடியாக மறுத்துவிட்டால் நானும் உடன்போக்குப் பக்கம்தான். அந்த இடத்தில் தொல்காப்பியரும் கதவைச் சாத்தவில்லை: புணர்ந்து உடன்போகிய காலையில் 'கொடுப்போர் இன்றியும் கரணம் உண்டே' என்கிறார், அதாவது பெண்ணைக் கொடுப்பவர் இல்லாமலும் மணச்சடங்கு உண்டு.