டிரெய்லர் வண்டிக்காரங்க கவனிங்க: 68,000 ரூபாய் போச்சு

வயிறு எரியுது, அதான் ராத்திரியே எழுதறேன். வேலூர் பைபாஸ் பக்கம் ஒரு பட்டறை, பேர் வேண்டாம். என் ஆறு சக்கர டிரெய்லர் வண்டிக்கு பிஃப்த் வீல் தட்டு, அதான் இழுக்கற வண்டி முதுகுல டிரெய்லரைத் தாங்கிப் பூட்டற தட்டு, தேஞ்சு போயிருந்துச்சு. புதுத் தட்டு, போல்ட், கூலி எல்லாம் சேர்த்து 68,000. முழுசும் முன்னாடியே வாங்கிட்டான்.

கொடுக்க வெச்சதே அவன் பேச்சுதான். டேப் பிடிச்சு, பின் ஆக்சில் நடுவுக்கு நேரா சேசிஸ்ல சாக்பீஸ் கோடு போட்டான். "தட்டோட நடு இந்தக் கோட்டுக்குக் கொஞ்சம் முன்னாடி உக்காரணும்ண்ணே, அப்பதான் முன் சக்கரத்துக்கும் பாரம் இறங்கும்"னான். நூத்துக்கு நூறு சரியான பேச்சு. டீ வேற வாங்கிக் கொடுத்தான்.

ராணிப்பேட்டைல லோடு ஏத்தி பெங்களூருக்கு விட்டா, பள்ளிகொண்டா டோல் வர்றதுக்குள்ள டிரைவர் போன். "அண்ணா, ஸ்டீயரிங் காத்துல சுத்தற மாதிரி இருக்கு, முன்னாடி பிடிமானமே இல்ல." ஓரங்கட்டச் சொல்லி நான் போய் டார்ச் அடிச்சா, தட்டு கோட்டுக்குப் பின்னாடி ஒரு சாண் தள்ளி நிக்குது. அவன் போட்ட சாக்பீஸ் கோடு அழியாம அங்கேயே இருக்கு! தட்டைத் தாங்கற ஆங்கிள் இரும்பு சேசிஸ்ல இருக்கற பழைய ஓட்டைக்குச் சேரல, சேர்ந்த இடத்துல மாட்டிட்டான். மொத்த பாரமும் ஆக்சிலுக்குப் பின்னாடி அழுத்தினா முன்பக்கம் தூக்காம என்ன செய்யும்? கிரீஸைத் துடைச்சேன். தட்டே பழசு, பெயிண்ட் அடிச்சிருக்கான். பில்லுல 10.9 போல்ட், தலைல பார்த்தா 8.8, அதைவிட உறுதி கம்மியான ரகம்.

போன் பண்ணா "ஓட்ட ஓட்ட செட் ஆயிடும்ண்ணே." நேர்ல போனா "ஓனர் காட்பாடி போயிருக்கார்." அந்த ஓனர் உள்ள உக்காந்து பிரியாணி சாப்பிடறதை ஜன்னல் வழியா பார்த்தேன். அப்புறம் "உங்க டிரைவர் புதுசா?"ன்னு ஒரு கேள்வி. வாட்ஸ்அப்ல போட்டோ அனுப்பினேன், நீல டிக் விழுந்துச்சு, அவ்வளவுதான். 68,000 ரூபாய்! ஒரு மாச டியூ அது.

என்னென்ன பார்க்கணும்னு விவரமா எழுதலாம்னுதான் உக்காந்தேன், கை ஓடல. தட்டை மாட்டறதுக்கு முன்னாடி கிரீஸ் இல்லாம காட்டச் சொல்லுங்க. போல்ட் தலை நம்பரை நீங்களே படிங்க. டேப் உங்க கைல இருக்கட்டும். சேசிஸ்ல வெல்டிங் வெக்கறேன்னா வண்டியை எடுத்துட்டு வந்துடுங்க. டிரெய்லரைப் பூட்டினதும் டார்ச் அடிங்க, தட்டுக்கும் டிரெய்லருக்கும் நடுவுல வெளிச்சம் தெரிஞ்சா நகத்தாதீங்க. மீதி அப்புறம், டிரைவர் கூப்பிடறான்.