படிவச் சோதனைக்கு என்விடிஏ: எதைப் பிடிக்கும், எதைக் கோட்டை விடும்

என்விடிஏ விண்டோஸில் ஓடும் இலவச ஸ்கிரீன் ரீடர், அதாவது திரையில் இருப்பதைக் குரலில் வாசித்துக் காட்டும் மென்பொருள். மைக்கேல் கரன் 2006இல் தொடங்கிய ஓப்பன் சோர்ஸ் மென்பொருள். பார்வையற்றோரின் அன்றாடப் பயன்பாட்டுக்கு எழுதப்பட்டதுதான், ஆனால் இணையப் படிவம் செய்கிறவர்களின் கணினியிலும் இருக்க வேண்டியது. தானியங்கிச் சோதனைக் கருவிகள் பெட்டிக்குப் பெயர் சொல்லும் லேபிள் இருக்கிறதா என்று சொல்லிவிடும். கீயைத் தட்டினால் படிவம் எப்படி நடந்துகொள்கிறது என்பது அவற்றுக்குப் பெரும்பாலும் தெரியாது.

முதலில் இன்செர்ட் கீயையும் ‘என்’ எழுத்தையும் சேர்த்து அழுத்தி, டூல்ஸ் மெனுவில் ஸ்பீச் வியூவரைத் திறந்துவிடுங்கள். பேசுவதெல்லாம் எழுத்தாக வரும், ஹெட்போன் தேவையில்லை. ‘எஃப்’ எழுத்தைத் தட்டினால் படிவத்தின் அடுத்த புலத்துக்குப் போகும். பேச்சை நிறுத்த கன்ட்ரோல்.

இதன் அருமை டிராப்டவுனில் தெரியும். மாவட்டத்தைத் தேர்ந்தெடுத்ததும் வேறு பக்கத்துக்குத் தாவும்படி ஆன்சேஞ்சில் (மதிப்பு மாறியதும் ஓடும் நிரலில்) எழுதியிருக்கிறார்கள் என்று வையுங்கள். விண்டோஸ் குரோமில், மூடிய செலக்ட்டின் (அந்த டிராப்டவுனின்) மேல் கீழ் அம்புக்குறியை ஒருமுறை தட்டினாலே மதிப்பு மாறி சேஞ்ச் நிகழ்வு கிளம்பிவிடும். அகரவரிசையில் முதலில் நிற்கும் அரியலூரைத் தாண்டி மதுரைக்குப் போகவே முடியாது. ஆல்ட்டும் கீழ் அம்பும் அழுத்திப் பட்டியலைத் திறந்தால் தப்பிக்கலாம். அது எத்தனை பேருக்குத் தெரியும்? மேக்கில் அதே அம்பு பட்டியலைத் திறந்து காட்டும். அதனால்தான் மேக்கில் எழுதியவர் கண்ணில் இந்தப் பிழை படுவதே இல்லை. பக்கம் தாவும் வேலையை ஆன்சேஞ்சிலிருந்து எடுத்துவிட்டு, பக்கத்தில் ‘செல்’ பட்டன் வைத்தால் முடிந்தது. இணைய அணுகல்தன்மை வழிகாட்டியான டபிள்யூசிஏஜியின் 3.2.2 விதி கேட்பதும் இதைத்தான், அதுவும் அடிப்படையான ஏ நிலையிலேயே. மாவட்டத்துக்கு ஏற்ப வட்டங்களின் (தாலுகாக்களின்) பட்டியல் நிரம்புவதில் தவறில்லை, ஃபோகஸ் (கீ தட்டினால் செயல்படும் இடம்) இருந்த இடத்திலேயே இருந்தால் சரி.

ஓடிபிக்கு ஆறு பெட்டி வைத்து, ஓர் எண் அடித்ததும் அடுத்ததற்குத் தள்ளும் வித்தையும் இங்கே அம்பலமாகும். ஒவ்வோர் எண்ணுக்கும் புதுப் பெட்டியின் அறிவிப்பு குறுக்கிடும், திருத்தப் போனால் எந்தப் பெட்டியில் நிற்கிறோம் என்றே புரியாது. ஒரே பெட்டி, இன்புட்மோட் நியூமெரிக், ஆட்டோகம்ப்ளீட்டில் ஒன்-டைம்-கோட்: போதும்.

இனி குறைகள். என்விடிஏ சில இடங்களில் அளவுக்கு மீறிச் சமர்த்து. பட்டனாக இல்லாமல் கிளிக் மட்டும் கட்டிய வெறும் டிவ்வின் மேல் பிரௌஸ் மோடில் (பக்கத்தை வாசித்தபடி நகரும் முறையில்) என்டர் தட்டினால், உங்களுக்காக அதுவே கிளிக் செய்துவிடும். சோதித்தவர் சரி என்று குறித்துக்கொள்வார். விசைப்பலகையை மட்டும் நம்பியிருப்பவரோ டேப்பில் அந்த இடத்துக்கு வரவே முடியாது. ஆகவே என்விடிஏவைத் திறக்கும் முன் டேப், ஸ்பேஸ், என்டர் மட்டும் வைத்து ஒரு சுற்று போய்விடுங்கள். லேபிள் இல்லாத பெட்டியில் பிளேஸ்ஹோல்டரை (உள்ளே மங்கலாகத் தெரியும் குறிப்பை) பெயராக வாசித்துவிடுவதும் இதே ரகம்: காதுக்கு எல்லாம் சரி, கண்ணால் பார்ப்பவருக்கோ தட்டச்சு தொடங்கியதும் பெட்டியின் பெயர் மறைந்துபோகும்.

கூடவே வரும் ஈஸ்பீக் என்ற குரல் மென்பொருளில் தமிழ் உண்டு, குரல்தான் இயந்திரத்தனம். பக்கத்தின் மொழியைச் சொல்லும் லாங் பண்பில் ‘டிஏ’ என்று குறிக்காவிட்டால் தமிழ்க் குரலுக்கு மாறும் என்று நம்பாதீர்கள். ஐபோனுக்கும் மேக்குக்கும் அவற்றின் ஸ்கிரீன் ரீடரான வாய்ஸ்ஓவரில் தனியாகத்தான் சோதிக்க வேண்டும்.